சம்மதக் கடிதம் யாரைக் காப்பாற்ற?

2020 மார்ச்சில் மும்பைப் பள்ளிகள் அடைக்கப்பட்டன. கொள்ளைநோய்க் காலத்தில் அடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. உயிர்தான் முதல். ஆனால் 2021 அக்டோபர் 4-இல் எட்டாம் வகுப்புக்கு மேலும், டிசம்பர் 15-இல் கீழ் வகுப்புகளுக்கும் கதவு திறந்தபோது பெற்றோரிடம் சம்மதக் கடிதம் கேட்டார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலிருந்தே படிக்க வைப்பதா, முடிவு உங்களுடையதாம்! தாராவியின் ஒற்றை அறையில் ஆறு பேர். ஒரே செல்போன், அதுவும் அப்பனோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளை எதில் படிப்பான்? பொதுக் கழிப்பிடத்தில் வரிசை நிற்கும் நமக்கு வீடுதான் பாதுகாப்பா? இரண்டு பக்கமும் பள்ளத்தை வெட்டிவிட்டு, எதில் விழுவாய் என்று கேட்பதற்குப் பெயர் உரிமையா?

2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஏழை வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நகரப் பிள்ளைகளில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் நூற்றுக்கு 24 பேர்தான். மற்ற 76 பேருக்கு எந்தப் பெற்றோர் சம்மதம் கொடுத்தார்கள்?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கல்வி தரும் கடமையை அரசின் தலையில் வைத்தது. சம்மதக் கடிதமோ அந்தச் சுமையை நம் தலைக்கு மாற்றியது.

உழைக்கும் தமிழர்களே! அதே சட்டம், அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கே என்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் அந்த நாற்காலிகளில் நாம் உட்காருவோம். அடுத்த நோய் வருமுன் கருவியும், காற்றோட்டமான வகுப்பறையும், தமிழாசிரியரும் கேட்போம். கையெழுத்துப் போட மட்டுமா நமக்குக் கை இருக்கிறது?