பாதி ஆய்வைப் படித்துவிட்டு முழுத் தீர்ப்பு எழுதலாமா?

புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசிகிறதென்று ஆண்கள் கிளாம்ப் மாட்டிக்கொள்வதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. அது காட்டுமிராண்டிக் காலத்துக் கருவியாம். ரத்த ஓட்டத்தைக் கெடுக்குமாம். தசையைச் சோம்பேறியாக்குமாம். பயிற்சி இருக்கிறது, டயப்பர் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, எதற்கும் மசியாத கசிவுக்குச் செயற்கைச் சுருக்குத்தசை இருக்கிறது. பிறகு இது எதற்கு என்று கேட்கிறார் கட்டுரையாளர். இந்தக் கேள்வியை அவர் ஒரு நோயாளியிடமாவது கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆதாரமாகக் கைகாட்டிய ஆய்வையே கடைசிவரை படித்ததாகவும் தெரியவில்லை.

விஷயம் புதிதாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை முழுதாக அகற்றும்போது, சிறுநீர்ப்பையின் வாயை நாம் நினைக்காமலே மூடி வைத்திருக்கும் உள் சுருக்குத்தசையும் பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது அதற்குக் கீழே உள்ள வெளிச் சுருக்குத்தசை மட்டும். இருவர் பார்த்த காவலை ஒருவரே பார்க்க வேண்டிய நிலை. படுத்திருக்கும்போது அது ஓரளவு சமாளிக்கும். இருமினால், தும்மினால், தரையில் உட்கார்ந்து எழுந்தால், பேரக்குழந்தையைத் தூக்கினால், தொழுகையில் குனிந்து நிமிர்ந்தால் கசியும். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும், சிலருக்குக் குறையாது. கிளாம்ப் என்பது உள்பக்கம் ஸ்பாஞ்ச் வைத்த ஒரு சிறு கவ்வி. ஆண்குறியின் நடுப்பகுதியில் மாட்டினால் சிறுநீர்த்தாரையை வெளியிலிருந்து அழுத்தி மூடும். சிறுநீர் கழிக்கக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் கருவி.

கட்டுரையாளரின் பிரம்மாஸ்திரம் ரத்த ஓட்டம். அதற்கு அவர் காட்டும் சான்று 2004இல் 'யூராலஜி' ஆய்விதழில் வெளியான கனடா நாட்டு ஆய்வு. அதில் 12 ஆண்கள் மூன்று வகைக் கருவிகளை மாற்றி மாற்றி அணிந்து பார்த்தார்கள். மூன்றில் ஒன்றான கன்னிங்ஹாம் கிளாம்ப், ஆண்குறிக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தைக் குறைத்தது என்பது உண்மை. கட்டுரையாளர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார். மூடாமல் இருந்திருந்தால் அடுத்த செய்தி கண்ணில் பட்டிருக்கும்: கசிவை மிக அதிகமாகக் குறைத்ததும் அதே கன்னிங்ஹாம்தான், அணிந்தவர்களுக்கு மற்ற இரண்டையும்விடப் பிடித்துப்போனதும் அதேதான். இன்னும் கொஞ்சம் படித்திருந்தால், ஆய்வாளர்கள் அதைக் கைவிடச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்கும். நினைவு தெளிவாக உள்ளவர், சிறுநீர்ப்பை நிரம்புவதை உணர முடிந்தவர், அந்த இடத்தில் தொடுவுணர்ச்சியும் தோலும் நன்றாக உள்ளவர், கருவியைத் திறந்து மூடும் அளவுக்குக் கைப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு, சரியாகப் பயன்படுத்தினால் இது பலன் தரும் என்பதே அவர்கள் வந்த முடிவு. தடை கேட்கும் கட்டுரைக்கு, நிபந்தனையோடு அனுமதிக்கும் ஆய்வு எப்படிச் சான்றாகும்? வெறும் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் அவர் வாசகரிடம் சொல்லவில்லை. சொன்னால் குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒரு உறுப்பை அழுத்தி மூடுவதே கொடுமை என்கிறார். அதே மூச்சில் செயற்கைச் சுருக்குத்தசையை நவீன மருத்துவத்தின் கொடை என்று புகழ்கிறார். அந்தக் கொடை எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியுமா? 1972இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் முதன்முதலில் பொருத்திய அந்தக் கருவியின் உயிர்நாடியே அழுத்தம்தான். சிறுநீர்த்தாரையைச் சுற்றி ஒரு வளையம். அதில் திரவம் நிரம்பியிருக்கும்வரை பாதை மூடியிருக்கும். விதைப்பையில் வைத்த சிறு பம்பை அமுக்கினால் திரவம் வெளியேறி வழி திறக்கும். சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில் அழுத்துவதால் வளையத்தின் அடியில் திசு மெலிவதும், சிலருக்கு அரித்துக்கொண்டு உள்ளே போவதும், மறுபடி கத்தி வைக்க நேர்வதும் அந்தச் சிகிச்சையின் அறியப்பட்ட விலைகள். வளையம் சிறுநீர்த்தாரையை மட்டும் அளந்த அழுத்தத்தில் பிடிக்கிறது, கிளாம்ப் உறுப்பு முழுவதையும் பிடிக்கிறது என்று சொல்லியிருந்தால் அது வாதம், நானும் தலையாட்டியிருப்பேன். அழுத்தமே பாவம் என்றால் அவருடைய கொடையும் அதே பாவத்தில்தான் நிற்கிறது. கிளாம்ப்பையாவது வலித்தால் அடுத்த நொடியில் நம் கையாலேயே கழற்றிவிடலாம்.

அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சொட்டுக்கூடக் கசியாது என்ற தொனியும் கட்டுரையில் இருக்கிறது. பிரிட்டனில் 380 ஆண்களிடம் செயற்கைச் சுருக்குத்தசையையும் ஸ்லிங் என்ற தாங்குபட்டையையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. எப்போதாவது ஒரு துளி வந்தாலும் கசிவு என்று எண்ணும் கண்டிப்பான அளவுகோலில், ஓராண்டுக்குப் பிறகும் இரண்டு பிரிவிலும் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கசிவு உண்டு என்றே சொன்னார்கள். கசிவு வெகுவாகக் குறைந்ததால் பெரும்பாலோர் நிறைவாக இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. நல்ல சிகிச்சைதான், மந்திரக்கோல் இல்லை. நம் ஊரில் அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும் என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

இனி பயிற்சி. இடுப்புத்தள தசைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தவனுக்குக் கிளாம்ப் தேவைப்படாது என்கிறார். அதாவது, இன்னும் கசிகிறதென்றால் நீ ஒழுங்காகச் செய்யவில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்கும் இந்த வாக்கியம்தான் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் கோபமூட்டியது. 2011இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வை அவர் பார்க்கட்டும். புராஸ்டேட்டை அகற்றி ஆறு வாரங்களுக்குப் பின்னும் கசிவு இருந்த 411 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தேர்ந்த பயிற்சியாளர் தனித்தனியே நேரில் கற்றுக்கொடுத்தார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஓராண்டு முடிவில் பயிற்சியாளரிடம் போனவர்களில் 76 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. போகாதவர்களில் 77 சதவீதம். பயிற்சி வீண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவ வழிகாட்டு நெறிகள் இன்றும் அதைச் செய்யச் சொல்கின்றன. செலவில்லை, கெடுதலில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் நேரில் கற்றுக்கொண்டு செய்தவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு ஓராண்டுக்குப் பிறகும் கசிந்திருக்கிறது. அவர்களையெல்லாம் சோம்பேறிகள் என்று சொல்லக் கட்டுரையாளருக்கு யார் உரிமை கொடுத்தது?

கிளாம்ப் மாட்டினால் தசை பலப்படாது என்ற பயத்தில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. புண் ஆறாத முதல் வாரங்களில் கிளாம்ப் கூடாது. தசை மீண்டுவரும் காலத்தில் காலை முதல் இரவுவரை அதையே நம்பியிருப்பதும் நல்லதல்ல. ஆனால் கல்யாணத்துக்குப் போகும் மூன்று மணி நேரம் மாட்டினால் மீதி இருபத்தொரு மணி நேரம் பயிற்சிக்குக் கிடக்கிறதே!

டயப்பரைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், அதை ஒரு நாளாவது கட்டிக்கொண்டு வெயிலில் பேருந்துக்கு நின்றவர் எழுதியதாகத் தோன்றாது. 2015இல் வெளியான மற்றொரு பிரிட்டன் ஆய்வில், 56 ஆண்கள் ஆணுறை போல மாட்டிக் குழாய் வழியே பையில் சேர்க்கும் உறை, இடுப்பில் கட்டும் சிறுநீர்க் கலம், கிளாம்ப், பேட் ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். பேட் எளியது, இரவுக்கு ஏற்றது. ஆனால் ஒழுகும் வாய்ப்பு அதற்கே அதிகம், நனைந்தபின் அசௌகரியமும் அதிகம். உறை நீண்ட பயணத்துக்கு உதவியது. கிளாம்ப் நீச்சல், உடற்பயிற்சி போன்ற குறுகிய நேர வேலைகளுக்குக் கைகொடுத்தது. அதிகம் ஒழுகாததும் வெளியே தெரியாததும் அதுதான். அணிந்த அனேகமாக எல்லாருமே அசௌகரியம் அல்லது வலி என்று சொன்னதும் அதைப் பற்றித்தான். இதை நான் மறைக்கவில்லை; எதிர்த்தரப்பு மறைப்பதுபோல நாமும் மறைத்தால் பிறகு என்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் பார்த்த பிறகு பெரும்பாலானவர்கள் எடுத்த முடிவைக் கவனியுங்கள்: இரவில் பேட், பகலில் வேலைக்குத் தக்கபடி பேட்டும் மற்ற கருவிகளும் கலந்து. வலிக்கிறது என்று தெரிந்தும் கிளாம்ப்பைச் சில மணி நேரத்துக்கு வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சில மணி நேரத்தின் மதிப்பு தெரிந்திருந்தது.

அந்த மதிப்புதான் கட்டுரையாளருக்குப் புரியவே இல்லை. உயிர் பிழைத்தவனுக்கு ஈரம் ஒரு குறையா என்று கேட்டு, பொறுமையை உபதேசிக்கிறார். எவ்வளவு நாள் பொறுமை? கசிவு குறையாமல் தொந்தரவு தந்தால் ஆறு மாதத்திலேயே அறுவை சிகிச்சையை யோசிக்கலாம், ஓராண்டு ஆகியும் நீடித்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கின்றன அமெரிக்க வழிகாட்டு நெறிகள். அதுவரை அந்த மனிதர் என்ன செய்வார்? வெள்ளை வேட்டி கட்டியவர் பந்தியில் உட்கார மாட்டார். கோயில் வரிசையில் நிற்க மாட்டார். வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைப்பார். சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும், மலச்சிக்கல் வரும். வீட்டில் கேட்டால் உடம்பு சரியில்லை என்பார், காரணம் சொல்ல மாட்டார். பொறுமை என்ற பெயரில் நடப்பது இந்த வீட்டுச் சிறைதான்.

கிளாம்ப்பில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. இறுக்கமாகவும் நெடுநேரமும் மாட்டினால் வீக்கம், தோல் புண், சிறுநீர்த்தாரையில் அரிப்பு, சுருக்கம் எல்லாம் வரக்கூடும். ஆனால் அந்த ஆபத்து யாருக்கு, எப்போது, எப்படித் தவிர்ப்பது என்று பக்கம் பக்கமாகப் பயமுறுத்திய கட்டுரையில் ஒரு வரி இல்லை. கருவியோ ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது. தடை கேட்டு எழுதுவதால் வாங்குகிறவர் வாங்காமல் இருக்கப்போவதில்லை. யாரிடமும் கேட்காமல் வாங்கி, தெரியாமல் மாட்டிக்கொள்வார். அவர் எழுதாமல் விட்டதை நானே எழுதிவிடுகிறேன்.

தூங்கும்போது கிளாம்ப் கூடவே கூடாது. சிறுநீர் வருகிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, சிறுநீர் கழித்து, தோலைப் பார்த்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும். மாட்டும் இடத்தைச் சற்று மேலும் கீழுமாக மாற்ற வேண்டும். கசிவைக் குறைக்கும் மிகத் தளர்வான நிலை எதுவோ அதுவே போதும். கடைசிச் சொட்டையும் நிறுத்துகிறேன் என்று இறுக்கக் கூடாது. நுனி நீலம் பாரித்தால், வீங்கினால், மரத்துப்போனால் அந்த நொடியே கழற்ற வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், சிறுநீர்ப்பை நிரம்புவதை உணராதவர்கள், தோலில் புண் இருப்பவர்கள், கதீட்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. அவசரமாக முட்டிக்கொண்டு வந்து கசிகிறவர்களுக்கும் இது ஆகாது. தானாகச் சுருங்கும் சிறுநீர்ப்பை, மூடிய வாயை எதிர்த்து அழுத்தும்போது உள்ளே அழுத்தம் ஏறும். அதனால்தான் எந்த வகைக் கசிவு என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே வாங்க வேண்டும்.

புராஸ்டேட் அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் பயிற்சித் தாளோடு பேட், உறை, கிளாம்ப் எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் காட்டுங்கள். எதை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று நோயாளிக்குத் தமிழில் சொல்லுங்கள். கசிவோடு இருக்கும் ஆண்களுக்கும் ஒன்று: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களே வாய் திறந்து கேளுங்கள். எனக்குக் கிளாம்ப் ஒத்துவருமா என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர், பாதி ஆய்வைக் காட்டி அந்த வழியை அடைக்கப் பார்த்தவர்.