அழையா விருந்தாளி



ஐப்பசி அடைமழை முடிந்த சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சமாசாரத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சிரிப்பதற்கும் அதில் கொஞ்சம் இருக்கிறது; சிரித்து மறந்துவிடக் கூடாததும் இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது சென்னைக்குத் தெற்கே. ஒரு காலத்தில் ஏரிக்கரையாக இருந்து, பிறகு வயலாகி, அப்புறம் 'நகர்' என்று பெயர் சூட்டிக்கொண்ட இடம். நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், அந்த மண்ணுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். தெருவெல்லாம் தண்ணீர். வளைகளில் குடியிருக்கும் ஜீவன்கள் மேட்டைத் தேடி வரும். மேடு எது? நம்முடைய வீடுதான்!

மழை விட்ட மறுநாள் காலை, பின்கட்டில் இருக்கும் குளியலறைக் கதவைத் திறந்தேன். வாளிக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு சுருண்டு கிடந்தது. "கொடியில் போடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் இவருக்கு உறைக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே குனியப் போனேன்.

துண்டு சீறிற்று!

குக்கரில் பிரஷர் ஏறி ஆவி கிளம்புமே, அதே சத்தம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. முதுகு நெடுகக் கரும்பழுப்பு வட்டங்கள், சங்கிலி கோத்தாற்போல. கண்ணாடி விரியன்.

கத்தவில்லை. கத்த நாக்கு எழவில்லை என்பதுதான் உண்மை. இரண்டடி பின்வாங்கிக் கதவைச் சாத்தித் தாழிட்டேன். கையில் கிடைத்த பழைய புடைவையைச் சுருட்டிக் கதவுக்குக் கீழே இருந்த சந்தில் அடைத்தேன். அதற்கப்புறந்தான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது.

பிறகு என்ன? ஐந்தே நிமிஷத்தில் பின்கட்டில் கல்யாணக் கூட்டம். எதிர் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கிரிக்கெட் மட்டையோடு ஆஜர். பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு கடப்பாரையைத் தேடிக் கொண்டுவந்தார். மாடி வீட்டு மாமி, "அடிக்காதீங்கோ, பாவம்! ஒரு கிண்ணத்திலே பாலை வையுங்கோ, குடிச்சுட்டுத் தானே போயிடும்" என்றார். இன்னொருவர் வெள்ளைப் பூண்டு கரைத்துத் தெளிக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நீ நகரு, நான் பார்த்துக்கறேன்" என்றார். கரப்பான் பூச்சிக்கு என்னைக் கூப்பிடுகிற மனிதர்!

நான் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். "ஆள் வருகிற வரைக்கும் இந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது" என்றேன். எனக்கு இவ்வளவு குரல் உண்டு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்றால், அதற்கு ஒரு பழைய கதை உண்டு. என் குழந்தைகளிடங்கூட நான் அதிகம் சொல்லாத கதை.

1962-ஆம் வருஷம். எனக்கு ஒன்பது வயது. காவேரிக் கரையில் எங்கள் பாட்டனார் ஊர். ஆவணி மாதத்தில் ஒரு பகல் வேளை, மாட்டுக் கொட்டிலில் ஒரு சாரைப் பாம்பு வந்துவிட்டது. நல்ல நீளம். ஆண்பிள்ளைகள் எல்லாம் தடியெடுத்துக்கொண்டு ஓடினார்கள். அரைமணி நேரம் அமர்க்களப்பட்டது. பாம்பை அடித்துப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்தார்கள். சாரைக்கு விஷமே கிடையாது. எலி பிடித்துத் தின்னத்தான் அது வந்தது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் ஏதோ பெரிய கண்டம் தப்பிவிட்டது போல இருந்தது.

அந்த நிம்மதியில் எல்லோரும் வழக்கம் போலக் கூடத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். சித்தி கைக்குழந்தையோடு சுவரோரமாகப் படுத்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

விடிவதற்குமுன் சித்தி எழுந்து, "வயிற்றை வலிக்கிறது, அம்மா" என்றாள். பாட்டி ஓமம் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சித்திக்குக் கண் இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன. "ராத்திரி முழுக்கக் குழந்தை தூங்க விடவில்லை. அசந்து தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பால் கறக்கிற வேளைக்கு எழுப்பினால், அவளால் தண்ணீர் விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறிற்று. யாருக்கோ சந்தேகம் தட்டி, பக்கத்து ஊர் மந்திரவாதியை அழைத்து வர ஆள் போயிற்று. அவர் வந்து, வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, பிறகு வண்டி பூட்டி டவுனுக்குக் கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியிலேயே சித்திக்கு மூச்சு நின்றுவிட்டது.

அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டியபோது சுவரோரத்தில் கிடந்தது, கறுப்பாக, மெல்லிய வெள்ளை வளையங்களோடு, ஒரு கட்டு விரியன். சித்தியின் உடம்பில் கடிவாய் எங்கே என்று தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

சகோதரிகளே! பகலில் வந்த சாரைக்கு நாங்கள் அவ்வளவு பயப்பட்டோம். பயப்பட வேண்டிய வயிற்று வலிக்கும், மூடிக்கொண்ட இமைக்கும் பயப்படவில்லை. பாம்பைக் கண்டால் பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பயப்பட வேண்டியதற்குப் பயப்படுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

இது ஏதோ பழங்காலத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2000 முதல் 2019 வரை இருபது வருஷங்களில் நம் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. சராசரியாக வருஷத்துக்கு 58,000 உயிர்! 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியை, கவனிப்பாரற்ற நோய்களின் வரிசையில் சேர்த்தது. கவனிப்பாரற்ற என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் சித்தியின் முகந்தான் நினைவுக்கு வந்தது.

இனிக் குளியலறைக்குத் திரும்புவோம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். அவர்கள் சொல்லி, பாம்பு பிடிக்கப் பழகிய ஓர் இளைஞர் வந்து சேர முக்கால் மணி நேரமாயிற்று. கையில் ஒரு கொக்கிக் கம்பி, ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு துணிப்பை. குழாயின் ஒரு வாயில் பையைக் கட்டினார். மற்றொரு வாயைப் பாம்பின் பக்கம் வைத்து, கம்பியால் மெல்ல நகர்த்தினார். அத்தனை பெரிய பாம்பு, இருட்டான பொந்து கிடைத்ததே என்று தானாகவே உள்ளே போய்விட்டது. பத்து நிமிஷங்கூட ஆகவில்லை. கிரிக்கெட் மட்டைக்காரர்களுக்குத்தான் ஏமாற்றம்.

காப்பி கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் குலத்தவர் அவர். இருளர்களின் கதை தெரியுமோ உங்களுக்கு? முன்பெல்லாம் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பிழைப்புப் போயிற்று. 1978-இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மகாபலிபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இருக்கிறது. பாம்பைப் பிடித்து வந்து, சில வாரங்கள் வைத்திருந்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. இந்தக் குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2017-இல் அமெரிக்காவுக்கே போய், புளோரிடாவின் சதுப்புக் காட்டில் மலைப்பாம்பு தேடிக் கொடுத்தவர்கள் அவர்கள்!

அந்த இளைஞரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், டாக்டர்கள் சொல்லுவதையும் உங்களுக்காகச் சேர்த்துத் தருகிறேன்.

வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் முதலில் நீங்கள் விலகுங்கள். குழந்தைகளையும் நாயையும் விலக்குங்கள். அது ஓர் அறைக்குள் இருந்தால் கதவைச் சாத்திச் சந்தை அடையுங்கள். கூடத்தில் இருந்தால், ஒருவர் எட்ட நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எங்கே போயிற்று என்று தெரியாத பாம்புதான் பெரிய தொல்லை. இன்னொருவர் போன் செய்யட்டும். தடியெடுத்து அருகே போகிறவர்கள் கடிபடக்கூடும். வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் வரை கடிக்கும். பாம்பைக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

பால் வைப்பதும் வேண்டாம், பூண்டு கரைப்பதும் வேண்டாம். பாம்புக்குப் பால் ஆகாரமல்ல. பூண்டை நம்பிக்கொண்டு சந்தை அடைக்காமல் விட்டுவிடுவோம். சாரையும் நாகமும் பின்னிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தேன் என்பார்கள். அவை பெரும்பாலும் மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள்!

நம் பக்கத்தில் அதிகம் பேரைக் கொல்லுகிறவை நாலு: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆனாலும் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத பாம்பு எதுவானாலும் விஷமுள்ளது என்றே நடந்துகொள்ளுங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் அவரை நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். கடிபட்ட கையிலிருக்கும் வளையல், மோதிரம், காலிலிருக்கும் கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் செய்வது போல ஒரு மட்டப் பலகையோ சுருட்டிய செய்தித்தாளோ வைத்து, இறுக்காமல் கட்டி அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றால் இறுகக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவுமே கூடாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நான் சொன்ன நாலு பாம்புக்கும் மருந்து ஒன்றுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

இன்னொன்றை மட்டும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டு விரியன் இரவில் திரிகிற பிராணி. தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலியும் தெரியாது, தழும்பும் தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை கனக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால், கஷாயத்துக்கு அடுப்பு மூட்டாதீர்கள். வண்டிக்குச் சொல்லுங்கள்.

வராமல் தடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். குப்பையும் சிந்திய தானியமும் இருக்கிற இடத்துக்கு எலி வரும். ஆகையால் துடைப்பத்திலிருந்துதான் ஆரம்பம். குளியலறைத் தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கம்பி வலை வையுங்கள். எங்கள் விருந்தாளி அந்த வழியாகத்தான் வந்திருந்தார்! செங்கல், விறகு, உடைந்த பூந்தொட்டி ஆகியவற்றைச் சுவரோரத்தில் குவிக்காதீர்கள். இரவில் கொல்லைக்குப் போனால் கையில் டார்ச் இருக்கட்டும். தரையில் படுப்பதானால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.

அன்று மாலையே கொத்தனாரை வரவழைத்து வலை பொருத்தியாயிற்று. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் புறநகரில் ஒரு கீற்றுக் கொட்டகையில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகளோடு தரையில்தான் படுக்கை. தீபாவளிக்கு அவளுக்குப் புடைவை எடுத்து வைத்திருந்தேன். அதோடு ஒரு பெரிய கொசுவலையும் வாங்கிக் கொடுத்தேன். "கொசு அவ்வளவா இல்லீங்களே, அம்மா" என்றாள். உட்கார வைத்து, சித்தியின் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, எதுவும் பேசாமல் வலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தொடர்கதைப் பக்கத்துக்குப் போகத் துடிக்கிறீர்கள், தெரியும். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகிறதா இல்லையா என்பது பத்து நிமிஷம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில், ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101 என்று எழுதுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். அப்படியே குளியலறைத் துவாரத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, நிம்மதியாகக் கதையைப் படியுங்கள்.