ஒழுகறது ஆயில் சீல், மாத்தச் சொல்றது கியர் பாக்ஸ்

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. கார் இல்லாதவங்களும் படிக்கலாம், திட்டு எல்லாருக்கும்தான் :-)

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை காலை. பார்க்கிங்ல இருந்து காரை வெளிய எடுத்துட்டுத் திரும்பிப் பார்த்தா, தரையில வெத்தலை எச்சில் துப்பின மாதிரி சிவப்பா ஒரு கறை. நான் இருக்கறது நியூஜெர்சி எடிசன்ல, அதனால நிஜமாவே எவனோ துப்பிட்டான்னுதான் முதல்ல நினைச்சேன். குனிஞ்சு தொட்டா வழவழன்னு எண்ணெய்.

நம்ம வண்டி 2005 ஹோண்டா அக்கார்ட். நாலு சிலிண்டர், ஆட்டோமேடிக், ஓடினது 1,90,000 மைல். எஞ்சின் ஆயில்னா பழுப்பா இருக்கும், ஏ.சி. தண்ணின்னா நிறமே இருக்காது. சிவப்புன்னா பெரும்பாலும் டிரான்ஸ்மிஷன் ஆயில். கசிஞ்சா உடனே அடையாளம் தெரியணும்னுதான் அதுல சாயமே கலக்கறாங்க.

வழக்கமா போற ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போனேன். லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சு அஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு: "டிரான்ஸ்மிஷன் போச்சு. ரீபில்ட் பண்ணினது ஒண்ணு போடணும், 3,400 டாலர். உங்க கார் அந்த விலைக்குப் போகாது, வித்துடுங்க."

எங்கிருந்து ஒழுகுதுன்னு கேட்டேன். "எல்லா இடமும் ஈரமா இருக்கு"ன்னார்.

இதுக்குப் பேரு பதிலாய்யா? ஒரு பட்டன் வேலை செய்யலைன்னு புகார் வந்தா, லாக் கூட பார்க்காம "மொத்தத்தையும் திரும்ப எழுதணும்"னு எஸ்டிமேட் அனுப்பற மாதிரி இருக்கு. (சரி சரி, நாமளும் அதைப் பண்ணியிருக்கோம். அது வேற பதிவு.) வண்டி ஓடும்போது காத்து எண்ணெயைப் பின்னாடி தள்ளி அடிப்பாகம் பூரா பூசிடும். அதனால சொட்டற இடமும் ஒழுகற இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. முதல்ல துடைக்கணும், அப்புறம்தான் தேடணும். அந்தத் துடைக்கற அரை மணி நேர வேலைக்கு சோம்பல் பட்டுக்கிட்டு 3,400 டாலர் கேக்கறாங்க.

அவங்களை விட எனக்குக் கோபம் நம்ம பசங்க மேலதான். என் நண்பர்கள்ல முக்கால்வாசிப் பேர் மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டறவங்க. மெஷின் டிராயிங் வகுப்புல ஆயில் சீலை குறுக்குவெட்டுல வரைஞ்சு மார்க் வாங்கின கூட்டம். அதுல ஒருத்தன், "வித்துத் தொலைடா மச்சி, இஎம்ஐல புதுசு எடு"ங்கறான். இன்னொருத்தன், கடையில கசிவை நிறுத்தற மருந்து பாட்டில் விக்குது, ஊத்திட்டு மறந்துடுங்கறான். அந்த மருந்து என்ன பண்ணும்? வயசாகி இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊதிப் பெருக்க வைக்கும். கிழிஞ்ச ரப்பரை ஒட்ட வைக்காது. எது இறுகினது, எது கிழிஞ்சதுன்னு பார்க்காமலே மருந்தா?

ஒழுகினா ஒழுகட்டும்னு ஓட்டற கோஷ்டி ஒண்ணு இருக்கே, அதுதான் நிஜமாவே டிரான்ஸ்மிஷனைக் கொல்றது. ஆட்டோமேடிக்ல இந்த ஆயில் வெறும் வழவழப்புக்கு இல்லை. எஞ்சின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர்ல கடத்தறது இது, கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கறதும் இதோட அழுத்தம்தான். அளவு குறைஞ்சா பம்ப் காத்தை உறிஞ்சும், நுரை வரும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கி எரியும். அப்புறம் அந்த 3,400 டாலர் நியாயமான பில் ஆயிடும்.

இதுல கார் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. பல புது மாடல்கள்ல டிரான்ஸ்மிஷன் டிப்ஸ்டிக்கையே எடுத்துட்டாங்க. "ஆயுள் முழுக்க மாத்த வேணாம்"ன்னும் சிலர் சொல்றாங்க. யாரோட ஆயுள்? நம்ம கிழவிக்கு டிப்ஸ்டிக் இருக்கு, அது வரைக்கும் புண்ணியம். ஆனா ஹோண்டாவுல சூடாக்கி, எஞ்சினை அணைச்சு, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள பார்க்கணும். பக்கத்து வீட்டு டொயோட்டாவுல எஞ்சின் ஓடும்போதே பார்க்கணும். மேனுவலைப் படிங்கப்பா, கண்ட சிவப்பு எண்ணெயையும் ஊத்தாதீங்க. பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலா ஹோண்டா இப்ப தர்றது டிடபிள்யூ-1.

எங்க அப்பார்ட்மெண்ட்ல கார் ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு விதி. நண்பர் ஒருத்தர் வீட்டு கராஜ்ல போய், ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு குடுத்து ஏத்தினேன். அடிப்பாகத்தை பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சு, காய விட்டு, குழந்தைக்குப் போடற பவுடரைத் தூவி, வண்டியை இறக்கி பத்து மைல் ஓட்டிட்டு வந்து மறுபடி ஏத்திப் பார்த்தேன். வெள்ளைப் பவுடர்ல சிவப்பா ஒரே ஒரு கோடு. டிரைவர் பக்க ஆக்ஸில் டிரான்ஸ்மிஷனுக்குள்ள நுழையற இடம். அங்க இருக்கற ஆயில் சீல் 12 டாலர்.

ஆயிலை வடிச்சு, சக்கரம் கழட்டி, ஆக்ஸிலை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்தேன். புதுசுல ஆயில் தடவி, கோணாம நாலு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டி இறக்கினேன். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். சொல்றதுக்கு ஒரு வரி, செய்ய எனக்கு ஏழு மணி நேரம். அதுல ரெண்டு மணி நேரம் ஆக்ஸில் நட்டோட மல்லுக்கட்டினது. நண்பரோட மனைவி மூணு தடவை டீ குடுத்தாங்க, நாலாவது தடவை "இன்னுமா தம்பி?"ன்னாங்க.

ராத்திரி காருக்கு அடியில அட்டை விரிச்சு வெச்சேன். ஆறு வாரம் ஆச்சு, அட்டை அப்படியே இருக்கு.

கழட்டின சீலைக் கழுவி வெளிச்சத்துல பார்த்தப்பதான் வயிறு எரிஞ்சது. ரப்பர் பழசாகி இறுகலை. உள் விளிம்புல ஒரே இடத்துல கத்தி பட்ட மாதிரி வெட்டு. ஆக்ஸிலைக் கோணலாச் சொருகினா அதோட பல்லு கிழிச்சுதான் அப்படி ஆகும். பழைய பில்களைக் கிளறினேன். அந்தப் பக்க ஆக்ஸிலை எட்டு மாசம் முன்னாடி மாத்தினது அதே ஒர்க் ஷாப்.

பில்லையும் சீலையும் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு மேனேஜர் சொன்னார், வாரண்டி ஆக்ஸிலுக்கு மட்டும்தானாம்.