பூட் ஆனால் போதுமா?

இராஜாக்கமங்கலத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனைப் பிடித்து "ஹைப்பர்வைசர் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வகை, இரண்டாம் வகை, படம், நன்மைகள், தீமைகள் என்று முழு மார்க் விடை மூச்சு விடாமல் வரும். அதே பையன் ப்ராஜெக்டுக்கு ஒரு குட்டி ஹைப்பர்வைசர் எழுதி, அதற்குள் லினக்ஸ் பூட் ஆகிவிட்டால் துறையே கைதட்டுகிறது. லாகின் திரை வந்துவிட்டதாம், வேலை முடிந்ததாம்! பையனைக் கெடுப்பதே இந்தக் கைதட்டல்தான்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை இன்றைய செயலி நேரடியாகவே ஓட்டிவிடும். ஆனால் நிஜத்தில் இல்லாத ஒரு சாதனத்தின் முகவரியைத் தொட்டால், செயலி அங்கேயே நிறுத்தி ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். அந்தக் கட்டளையைப் பிரித்துப் படித்து, செயலி செய்திருக்க வேண்டியதைத் தானே செய்து, அடுத்த கட்டளைக்கு நகர்த்துவது ஹைப்பர்வைசரின் பொறுப்பு. இதுதான் எமுலேஷன். கண்ணிவெடி எல்லாம் இங்கேதான்.

சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளுக்கு அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ்வையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 32 பிட் கட்டளைகளோடு சுருக்கப்பட்ட 16 பிட் கட்டளைகளும் கலந்து வரும். 16 பிட் கட்டளை ஒன்றை எமுலேட் செய்துவிட்டு, முகவரியில் 2 கூட்டுவதற்குப் பதில் 4 கூட்டினால்? அடுத்த கட்டளை சத்தமில்லாமல் காணாமல் போகும், அல்லது பாதியிலிருந்து படிக்கப்படும். கெர்னல் வேறெங்கோ போய் விழுந்து கிடக்கும். இன்னொன்று: ஒரு பைட்டைப் படிக்க எல்பி, எல்பியூ என்று இரண்டு கட்டளைகள். சாதனம் தரும் பைட் 128 என்றால் முதலாவதில் அது -128, இரண்டாவதில் 128. எமுலேட்டர் இரண்டையும் ஒன்றாக நினைத்தாலும், 127-ஐத் தாண்டாத பைட்களே வரும் வரை ஒருவருக்கும் தெரியாது. லினக்ஸ் ஜம்மென்று பூட் ஆகும்!

கத்துக்குட்டிகளின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. கேவிஎம் 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-ல் வந்தது. அதன் எக்ஸ்86 எமுலேட்டர், நினைவகத்தைத் தொடும்போது கேட்பது சாதாரண நிரலா கெர்னலா என்றே பார்க்கவில்லை என்பது 2010-ல் வெளியானது. செயலி நிறுத்திய கணத்துக்கும் எமுலேட்டர் கட்டளையைப் படிக்கும் கணத்துக்கும் நடுவே கட்டளையை மாற்றி வைத்தால், சாதாரண நிரலுக்கு எட்டக்கூடாத நினைவகம் எட்டிவிடும். எந்த பூட் திரையில் இது தெரியும்?

2015-ல் நதாவ் அமித்தும் டெக்னியான், இன்டெல் ஆய்வாளர்களும் இன்டெல் தன் நிஜச் செயலிகளைச் சோதிக்க வைத்திருந்த கருவிகளைக் கேவிஎம் மீது ஏவினார்கள். கிடைத்தவை 117 பிழைகள். அவற்றில் ஆறு பாதுகாப்பு ஓட்டைகள். அதுவரை எட்டு வருடம் அதில் லினக்ஸும் விண்டோஸும் தினம் தினம் பூட் ஆகிக்கொண்டுதான் இருந்தன.

"அதெல்லாம் இன்டெல்காரனுக்கு, நம்ம லேபில் என்ன இருக்கு?" என்பது வழக்கமான சால்ஜாப்பு. க்யூஈமுவும் ஸ்பைக்கும் இலவசம். எக்ஸ்86-க்கு கேவிஎம்மின் சோதனைத் தொகுப்பும் இலவசம். ஒரே கட்டளையை, ஒரே ரெஜிஸ்டர் மதிப்புகளோடு, இரண்டு இடத்தில் ஓட்டி விடைகளை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்த இடத்தில் கையேட்டைத் திறக்க வேண்டும். பழைய லேப்டாப் போதும், பொறுமைதான் கொஞ்சம் அதிகம் வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் கேவிஎம் லினக்ஸுக்குள் வந்ததே 2022 ஜனவரியில், 5.16-ல்தான். மூத்ததிலேயே 117 என்றால் இளையதைக் கொஞ்சம் குடைந்து பார்க்கலாமே!

வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் பூட் திரையைப் பார்த்துத் தலையாட்டுவதை விட்டுவிட்டு, "எத்தனை கட்டளைகளைச் சோதித்தாய், எத்தனை தோற்றன, ஏன்?" என்று கேட்கட்டும். "ஒன்றும் தோற்கவில்லை சார்" என்பவனுக்கு மார்க்கைக் குறைக்கட்டும்.