நட்சத்திரம் வேண்டாம், எச்சரிக்கை வேண்டும்

2018ஆம் ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவை வரம்பை மீறினால் உணவுப் பொட்டலத்தின் முகப்பில் சிவப்பு நிறத்தில் காட்ட வேண்டும் என்றது அவ்வரைவு. உணவுத்தொழில் முதலாளிகள் எதிர்த்தனர். வரைவு கிடப்பில் போடப்பட்டது. 2020இல் இறுதியான விதிகளில் அந்தச் சிவப்பு இடம்பெறவில்லை. 2022 செப்டம்பரில் வந்த புதிய வரைவோ அரை முதல் ஐந்து வரை நட்சத்திரங்களை முன்மொழிந்தது. அதுவும் முதல் நான்கு ஆண்டுகளுக்கு நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே!

நட்சத்திரம் என்பது பாராட்டின் குறி. மிக மோசமான பண்டத்திற்கும் அரை நட்சத்திரம் கிடைத்துவிடும். மேலும், நார்ச்சத்து, புரதம், பருப்பு வகைகளுக்குக் கிடைக்கும் மதிப்பெண்கள் சர்க்கரைக்கும் உப்புக்குமான மதிப்பெண்களை ஈடுகட்டிவிடும். சிலி நாடு 2016இலேயே கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2020இல் மெக்சிகோவும் அவ்வழியே சென்றது.

இங்கு அது இயலாதா? சைவ உணவுப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இந்நாட்டில் கட்டாயமாக இருக்கிறது. புகையிலைப் பொட்டலத்தின் முகப்பில் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிறைக்கின்றன. அரசு மனம் வைத்தால் சின்னம் வரும் என்பதற்கு இவையே சான்று.

"இது நடுத்தர வர்க்க நுகர்வோரின் கவலை, கூலிக்கும் விலைவாசிக்கும் போராடும் நமக்கு இதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கின்றனர். வேலை நேரம் நீண்டு, சமைக்கும் நேரம் பறிபோன தொழிலாளியின் காலை உணவு ஐந்து ரூபாய் பிஸ்கட்டாகச் சுருங்கியிருப்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடிப் பேர். அந்நோயின் மருந்துச் செலவு கூலியிலிருந்துதான் போகிறது. எச்சரிக்கைச் சின்னம் கூலி உயர்வுக்கோ பொது விநியோக முறைக்கோ மாற்றாகாது. ஆனால் உழைக்கும் குடும்பத்திடம் உண்மையை மறைத்து இலாபம் ஈட்டும் உரிமையை முதலாளிக்கு நாம் ஏன் விட்டுத்தர வேண்டும்?

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. விதிகளின்படி பொட்டலத்தில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். பிற மொழிகள் நிறுவனத்தின் விருப்பம். "நிறைவுற்ற கொழுப்பு" என்று தமிழில் எழுத எனக்குத் தெரியும். அதை அச்சிடும் கடமை எவருக்கும் இல்லை. ஒடிசாவின் தாய்க்கும் வங்கத்தின் தாய்க்கும் இதே நிலைதான். எழுத்தறியாதவருக்கு எந்த மொழியும் உதவாது. எனவேதான் சின்னம் தேவை.

சிறு உற்பத்தியாளர் நசிந்துபோவர் என்று பெருநிறுவனங்கள் கண்ணீர் வடிக்கின்றன. சிறு உற்பத்தியாளருக்குக் கூடுதல் அவகாசம் தரலாம். அவர்களைக் கேடயமாக்கிப் பெருமுதலாளிகள் தப்பிக்க இடம் தரலாகாது.

2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இது குறித்த பரிந்துரைகளுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது; ஜூலையில் அது நீட்டிக்கப்பட்டது. நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்பது நம் வழியன்று. தொழிற்சங்கங்களும் மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும். நட்சத்திரத் திட்டத்தைக் கைவிடுக! எச்சரிக்கைச் சின்னத்தைக் கட்டாயமாக்குக! அந்தந்த மாநில மொழியில் விவரங்களை அச்சிடுக!