பெயரை ஒட்டும்போது பிள்ளை காணாமல் போகிறது



சென்ற வாரம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். இடைவேளையில் ஒரு பிள்ளை வந்து, "சேர், எனக்கு நம்பர் மட்டும்தான் ஈக்கி, பேரக் காணல்ல" என்றாள். பார்த்தால் நான்கு பேருக்கு அப்படி. நால்வருமே 'தந்தை பெயர்' கட்டம் நிரப்பப்படாத பிள்ளைகள்.

பிழை நம்முடையது. அக்சஸில் தந்தை பெயருக்கு ஒரு புலம், பிள்ளை பெயருக்கு ஒரு புலம் வைத்து, வினவலில் இரண்டையும் + போட்டு ஒட்டியிருந்தோம். ஒரு பக்கத்தில் எதுவும் பதியப்படாவிட்டால் அது 'நல்' (பெயர்தான் நல், செய்வது நல்லதல்ல). + அடையாளத்தில் ஒரு பக்கம் நல் என்றால் விடையும் நல். இருக்கிற பெயரும் சேர்ந்தே போய்விடும். + இற்குப் பதிலாக & போட்டிருந்தால் மீதிப் பெயராவது வந்திருக்கும். மைஎஸ்கியூஎல்லில் 'கொன்கட்' செய்வதும் + செய்கிற அதே வேலைதான். 'கொன்கட் டபிள்யூஎஸ்' நல்லைத் தாண்டிப் போகும். உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நமக்குள்ள கேள்வி வேறு. பெயரை ஏன் வெட்டினோம்? முதற்பெயர், குடும்பப்பெயர் என்று எங்கோ பார்த்த படிவத்தைப் பின்பற்றினோம். நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. முஹம்மத் ரிஸ்வான் பாத்திமா ரிஸ்னா என்ற பெயரை எந்த இடத்தில் வெட்டுவது? பிறப்புச் சான்றிதழில் உள்ள முழுப்பெயரை அப்படியே ஒரே புலத்தில் வைத்தால் ஒட்டும் வேலையே இல்லை. முதலெழுத்துடன் கூடிய பெயர் தேவையென்றால் அதற்கு இன்னொரு புலம். அதையும் பெற்றோரே எழுதித் தரட்டும்.

இதை இங்கே எழுதக் காரணம், நமது மஹல்லாவின் குடும்பப் பதிவைக் கணினியில் ஏற்ற இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. அதிலும் தந்தை பெயர் தனிப் புலமாம். வாப்பா யாரென்று எழுத விரும்பாத வீடுகள் நம்மிடையே உண்டு. இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர்களும் உண்டு. வகுப்பில் பெயர் இல்லாவிட்டால் பிள்ளை வந்து கேட்டுவிடும். ஸகாத் பட்டியலில் இல்லாவிட்டால் அந்த உம்மா வந்து கேட்பாரா?

தம்பிமாரே, புலங்களை முடிவுசெய்ய முன் ஒருமுறை நம்மோடு பேசுங்கள். பழைய பதிவுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். அதில் பெயர்கள் முழுதாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சுவரில் உள்ள பட்டியலில் அந்த நான்கு பெயர்களையும் இப்போதைக்குப் பேனையால் எழுதியிருக்கிறோம்.