ஆமைக் குஞ்சை ஏமாற்றும் அலங்கார விளக்கு!

சென்னைக் கடற்கரை. நள்ளிரவு. மணல் அசைகிறது. உள்ளேயிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்கிறது. பின்னால் இன்னொன்று. பிறகு பத்து, இருபது, நூறு!

பங்குனி ஆமைக் குஞ்சுகள் அவை. ஒரு குஞ்சு ஒரு தீப்பெட்டி நீளம்கூட இராது. தாய் பக்கத்தில் இல்லை. முட்டைகளை மணலில் புதைத்துவிட்டு அன்று இரவே கடலுக்குத் திரும்பிவிட்டது. சுமார் 50 நாள் கழித்துக் குஞ்சுகள் தாமாகவே வெளியே வருகின்றன. கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யார் சொல்வது?

வெளிச்சம்தான் சொல்கிறது. இருட்டில் நிலத்தைவிடக் கடலின் பக்கம் சற்று வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துக் குஞ்சுகள் ஓடும்.

இப்போது கரையோரம் பங்களாக்களும் ஓட்டல்களும் வந்துவிட்டன. மதில் மேல் விளக்கு. தோட்டத்தில் விளக்கு. தென்னை மரத்தை அடியிலிருந்து காட்டும் விளக்கு. பார்க்க அழகுதான்! ஆனால் குஞ்சுகள் அதைக் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் ஓடுகின்றன. நாய் கவ்வுகிறது. காக்கை கொத்துகிறது. தப்பியவை விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகின்றன.

1988 முதல் சென்னை மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடி எடுக்கிறார்கள். வேலி போட்ட இடத்தில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் இதைச் செய்கிறது. ஆனால் அவர்கள் கண்ணில் படாத குழிகளும் உண்டே! பெரிய ஆமைக்கு எமன் வேறு: மீன்பிடி வலை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. மிஞ்சியவை இட்ட முட்டையையும் விளக்குக்குப் பலி கொடுப்பதா?

தெரு விளக்கை அதிகாரிகள் அணைக்கலாம். பங்களா விளக்கை வீட்டுக்காரர்தான் அணைக்க வேண்டும்.

"விளக்கை அணைத்தால் திருடன் வரமாட்டானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கண்ணைக் கூச வைக்கும் விளக்கு திருடனுக்குத்தான் உதவி. அதன் பின்னால் நிற்பவன் நமக்குத் தெரியமாட்டான். மேலே மூடி போட்டு, தரையை மட்டும் காட்டும் சிறு விளக்கில் ஆள் நன்றாகத் தெரிவான். கரண்டும் மிச்சம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பல கடற்கரை ஊர்களில் இதற்குச் சட்டமே உண்டு. அங்கே தோட்டத்து விளக்கு போடுகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். விளக்கு தாழ்வாக இருக்கிறதா? மூடி இருக்கிறதா? ஒளி ஆரஞ்சு அல்லது சிவப்பா? வெள்ளை ஒளியும் நீல ஒளியும்தான் ஆமையை அதிகம் இழுக்கும். நம் ஊரில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்.ஈ.டி. வந்ததில் கரண்டு குறைந்தது. ஆமைக்குத் தொல்லை கூடியது. எல்.ஈ.டி.யிலும் ஆரஞ்சு நிறம் இருக்கிறது. கேட்டு வாங்குவோர்தான் குறைவு.

கடலோரம் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் இரவில் மணலில் இறங்கி நின்று, தங்கள் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். பல்பு கண்ணில் பட்டால் ஆமைக்கும் படும். அதற்கு மூடி போடவேண்டும். இல்லையேல் திருப்பி வைக்கவேண்டும். ஜனவரியில் முட்டையிடத் தொடங்கும் ஆமைகளின் கடைசிக் குஞ்சுகள் கடலுக்குப் போக மே மாதம் ஆகிவிடும்.